விரல்நுனிக்கு என்ன விலை?

ஏகலைவனின் கட்டைவிரலுக்கு நம்மிடம் கவிதைகள் நிறைய இருக்கின்றன. பவர் பிரஸ்ஸில் போன விரல்நுனிக்கு எத்தனை இருக்கின்றன?

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரல்களுக்கு விலைப்பட்டியல் போட்டது. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5. மோதிர விரல், சுண்டுவிரல் நுனி என்றால் வெறும் 2. எலும்பை எண்ணி எழுதிய கணக்கு இது. வேலை எலும்பிலா இருக்கிறது? ஊசியில் நூல் கோர்ப்பது, பூ கட்டுவது, மரையைத் தடவிப் பார்ப்பது எல்லாம் நுனிச் சதையின் உணர்ச்சியால்தான். நான் வங்கி குமாஸ்தா. கைநாட்டு வாங்குவது தினப்படி வேலை. ரேகை தேய்ந்து நுனி மழுங்கிய விரல்கள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும்.

நுனி போனால், எலும்பைக் கொஞ்சம் நறுக்கித் தோலை இழுத்துத் தைத்து, "போய்யா, ஆறிடும்" என்று அனுப்புவது சுலபம். விரல் குட்டையாகிவிடும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் புண் மூடும், உணர்ச்சி முழுசாகத் திரும்பாது. இதற்கு ஒரு மாற்று எங்கிருந்து வந்தது? வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலிருந்து. அங்கே கை அறுவைச் சிகிச்சைத் துறையைக் கட்டி எழுப்பிய டாக்டர் ஆர். வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சாய்வாகத் துண்டான நுனிக்கு, அதே விரலின் பக்கவாட்டுச் சதையை முக்கோணமாகக் கீறி, ரத்தக்குழாயும் நரம்பும் அறுபடாமல் முன்னால் நகர்த்தித் தைப்பது. நீளமும் மிஞ்சும், உணர்ச்சியும் மிஞ்சும்.

ஆக, 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பது சினிமாக்காரர் மூக்குச் சமாச்சாரம் மட்டுமில்லை. கூலிக்காரன் கைக்காக அரசு ஆஸ்பத்திரியில் வளர்ந்த அறிவும்தான். அது ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ராத்திரி பகலாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை. அதற்கும் முன்னால், கை உள்ளே போனால் பிரஸ் இறங்காதபடி தடுப்பு போடு என்று முதலாளியைக் கேட்க வேண்டும். உற்பத்தி குறையும் என்று தடுப்பைக் கழற்றி வைப்பவன் விரலை வெட்டுகிறவன்தான்.

தோழர்களே, ஒன்று உடனே செய்யலாம். துண்டான நுனியை ஐஸில் நேரடியாகப் போடாதே. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து, ஆளோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இதைத் தட்டியில் எழுதித் தொழிற்பேட்டை வாசலில் கட்டுங்கள். கவிதை அப்புறம் எழுதிக்கலாம்.