நியாய விலைக்கு ஓர் ஊரின் குரல்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கார்ஸ்டாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சில ஆயிரம் பேரே வாழும் ஊர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வூர் மக்கள் பொதுக்கூட்டம் கூடி, தங்கள் ஊரை உலகின் முதல் ‘நியாய வாணிப ஊர்’ என்று பிரகடனம் செய்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய தொண்டர்கள் செய்த வேலையின் பலன் இது. புரூஸ் கிரௌதர் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய நண்பர்களும் கடைக்காரர்களையும் பள்ளிகளையும் மாதாகோயில்களையும் விடாமல் அணுகி, இதைச் சாதித்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? காப்பி, தேயிலை, கோக்கோ, வாழைப்பழம் ஆகியவற்றைப் பயிரிடும் ஏழை விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை கிடைத்தது என்பதற்கு அத்தாட்சியாக முத்திரை பெற்ற சரக்கை விற்க வேண்டும், வாங்க வேண்டும். இவ்வளவே. அந்தப் பொறி பரவியது. 30க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000க்கும் அதிகமான ஊர்களும் நகரங்களும் இந்தப் பெயரை ஏற்றன. கானா நாட்டில் கோக்கோ விளையும் நியூ கோஃபோரிடுவா என்ற ஊருடன் கார்ஸ்டாங் உறவு பூண்டது.

லங்காஷயருக்கு இது புதிதல்ல. கார்ஸ்டாங்கிற்கு அருகிலுள்ள லங்காஸ்டர் துறைமுகம் 18ஆம் நூற்றாண்டில் அடிமை வியாபாரத்தில் கொழுத்தது. அதே லங்காஷயரில்தான், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் பஞ்சு வராமல் ஆலைகள் மூடிக் கிடந்தபோது, 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடினார்கள். வயிறு காய்ந்த நிலையிலும் அடிமை முறைக்கு எதிராக நின்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். தான் உடுத்தும் துணிக்குப் பின்னால் யாருடைய ரத்தம் இருக்கிறது என்று கேட்ட மரபு அது. அந்த மரபின் வாரிசுகளான கார்ஸ்டாங் தொண்டர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

இதனால் விவசாயிக்குப் பலன் உண்டா? உண்டு. காப்பியின் கதையைப் பாருங்கள். 1962இல் ஏற்பட்ட சர்வதேச காப்பி ஒப்பந்தம், ஏற்றுமதிக்கு அளவு நிர்ணயித்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989இல் அந்த ஏற்பாடு தகர்ந்தது. சந்தை தானே நியாயம் வழங்கும் என்றார்கள். வழங்கியதா? 2001இல் ஒரு ராத்தல் காப்பியின் விலை 50 சென்ட்டுக்கும் கீழே சரிந்தது. உற்பத்திச் செலவுக்குக்கூடப் போதாத விலை. லட்சோப லட்சம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. அந்த இருண்ட நாட்களில் முத்திரை பெற்ற கூட்டுறவுகளுக்கு, பொதுநலத் தொகையும் சேர்த்து, ராத்தலுக்கு 1 டாலர் 26 சென்ட் கிடைத்தது. இது அற்ப விஷயமல்ல.

ஆனால், இது போதுமா? போதாது என்பதை நட்புடன் சொல்ல விரும்புகிறோம்.

முத்திரையின் பேரில் விற்ற சரக்குக்குத்தான் அந்த விலை. வாங்க ஆளில்லாத மீதிச் சரக்கு பழையபடி சந்தையின் வாய்க்கே போகிறது. பெருந்தோட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே சரக்கின் விலை தோட்ட முதலாளியின் கைக்குப் போகிறது. பொதுநலத் தொகைதான் தொழிலாளர் குழுவிடம் வருகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தினக்கூலியை உயர்த்த அந்தத் தொகை சங்கத்துக்கு மாற்றாகுமா? ஒருநாளும் ஆகாது. நூறு சரக்குகளில் ஒன்றுக்கு முத்திரை வாங்கிவிட்டு, மீதி தொண்ணூற்றொன்பதையும் கேள்வியின்றி விற்கும் கம்பெனிகளையும் தொண்டர்கள் கவனிக்க வேண்டும்.

விலைக்கு உறுதியான அடித்தளம், விளைவிப்போரும் அவர்களுடைய சர்க்கார்களும் ஒன்றுசேரும்போதுதான் அமையும். உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் விளைவித்து வந்த கானாவும் ஐவரி கோஸ்ட்டும் 2019இல் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்று அறிவித்தன. கொள்முதல் கம்பெனிகள் வேறு கணக்கில் அதைக் கழித்துக்கொள்கின்றன என்று 2022இல் அதே சர்க்கார்கள் குற்றம் சாட்ட நேர்ந்தது. ஏகபோகத்தின் குணம் இது! இந்த இடத்தில்தான் வாங்கும் ஊரின் குரல் தேவைப்படுகிறது. சாக்லேட் தின்னும் ஊரிலிருந்தே “அந்த 400 டாலர் எங்கே?” என்ற கேள்வி எழுமானால், கம்பெனி அவ்வளவு சுலபத்தில் தப்ப முடியாது.

நம் நாட்டு வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். நீலகிரியின் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு 2023இலும் போராடினார்கள். கானா விவசாயியின் கோரிக்கையும் அதுவேதான்.

ஆகவே, ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்களுக்கு நம் வேண்டுகோள் இது: முத்திரையைக் கேளுங்கள். அத்துடன், அந்தத் தோட்டத்தில் சங்கம் உண்டா, கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். நகர சபையில் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு, விளைபொருளுக்கு விலைப் பாதுகாப்புத் தரும் ஒப்பந்தங்களுக்காக உங்கள் சர்க்காரை நிர்ப்பந்தியுங்கள். விளைவிப்பவன் கேட்பது தர்மமல்ல, தன் உழைப்பின் விலை. அதை அவன் பெறும் வரையில் உங்கள் பணி தொடரட்டும்!