கான்ஃபிகர் நின்றால் திட்டாதீர்கள்



ஆரணியில் நான் பாடம் நடத்திய காலத்துப் பள்ளி ஆண்டு மலர்களைக் கணினியில் ஏற்றிவைக்க நெடுநாள் ஆசை. தட்டச்சு செய்யக் கண் ஒத்துழைக்கவில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். என் உபுண்டு 22.04 தருவது அதன் 4-ஆம் பதிப்பு. எனக்கோ 2021-இல் வந்த 5-தான் வேண்டும் என்று பிடிவாதம். மூல நிரலை இறக்கி நானே கம்பைல் செய்ய உட்கார்ந்தேன்.

முதல் படியான கான்ஃபிகர் உடனே நின்றது. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றது. எந்தப் பொதியை நிறுவலாம் என்றும் சொன்னது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் போனில் சிரித்தான்: "லினக்ஸ்னாலே எரர்தான் சார், விட்ருங்க."

நான் ஒப்பவில்லை. இல்லாததை முன்கூட்டியே, பெயர் சொல்லிக் கேட்கிறது. இதில் என்ன குறை?

என்னைக் கவிழ்த்தது நிற்காத கான்ஃபிகர். ஆர்வக்கோளாறில் லெப்டோனிகாவையும் மூலத்திலிருந்தே கம்பைல் செய்தேன். எல்லாம் சுமுகமாக ஓடியது. கடைசியில் போனில் எடுத்த பக்கத்தைக் கொடுத்தால், ஜேபெக் படத்தைப் படிக்கும் வசதியே இல்லை என்கிறது! அதே கணினியில் படம் அழகாகத் திறக்கிறது. திறக்க ஓடுநேர நூலகம் போதும். கம்பைல் செய்யத் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவற்றை உபுண்டு லிப்ஜேபெக்-டெவ் என்று தனிப் பொதியாக வைத்திருக்கிறது.

கல்யாணச் சமையற்காரர் அரிசி இல்லையென்றால் அடுப்பே பற்றவைக்க மாட்டார். அப்பளம் இல்லையென்றால் சொல்லாமல் பந்தி போட்டுவிடுவார். இலையில் உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். லெப்டோனிகாவுக்கு ஜேபெக் அப்பளம் மாதிரி. 'இல்லை' என்று ஒரு வரி ஓடியிருக்கிறது, நூறு வரிகளுக்கு நடுவே. நானும் பார்க்கவில்லை. விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்ட கதைதான்.

விருப்பச் சார்புகள் விடுபட்டால், எவை எவை என்று கடைசியில் பட்டியலிட்டுச் சொல்வது மென்பொருள் எழுதுபவர்களின் கடமை என்பேன். அதுவரை நாமே கறாராக இருக்கலாம்: கான்ஃபிகருக்கு வித்-ஜேபெக் என்று வெளிப்படையாகக் கொடுத்தால், அது கிடைக்காதபோது நின்றுவிடும். டெவ் பொதியைப் பிறகு நிறுவினால் மட்டும் போதாது. கான்ஃபிகர், மேக் இரண்டையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு முழு மாலை எனக்கு இதில் போனது.

இப்போது படிக்கிறது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஆண்டு மலர் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். என்னிடம் இருப்பவற்றில் கரையான் தின்ற பக்கங்கள் நிறைய.