ஆட்டு முடிக்கு ஆள் இல்லை: வாரச் சந்தை நிலவரமும் செம்மறி வளர்ப்போர் கணக்கும்

2025 நவம்பரில் வார விலைப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு திசையில் போனது. அரவைக் கொப்பரைக்கு 2025ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலை அதைவிட வெகு உயரத்தில் நின்றது. மக்காச்சோளம் இதற்கு நேர் எதிர். ஆதரவு விலை 2,400 ரூபாய் என்று இருந்தும், அறுவடை வரத்து கூடியவுடன் பல இடங்களில் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. கர்நாடகத்தில் மக்காச்சோள விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். பருத்தியில் நீண்ட இழை ரகத்துக்கு அப்போது 8,110 ரூபாய் ஆதரவு விலை. ஆனால் இறக்குமதி வரியை 2025 டிசம்பர் 31 வரை நீக்கியிருந்ததால் வெளிநாட்டுப் பஞ்சு தடையில்லாமல் வந்தது, மில்காரர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.

இந்தப் பட்டியலில் எந்த வாரமும் இடம் பெறாத ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. அது செம்மறி ஆட்டின் முடி.

பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வளர்ப்போர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கருங்குறும்பை ஆடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து, "சார், வெளிநாட்டுல கம்பளி விலை ஏறுதுன்னு பேரன் போன்ல காட்டுறான். எங்ககிட்ட சும்மா குடுத்தாலும் அள்ளிட்டுப் போக ஆள் இல்லையே, ஏன்?" என்று கேட்டார். அவர் பேரன் காட்டிய செய்தி பொய் இல்லை. ஆஸ்திரேலியாவில் கம்பளி ஏலம் வாராவாரம் நடக்கும். அங்கே 2025 ஆகஸ்ட் முதல் விலை நன்றாகவே ஏறியது. ஆனால் அது வேறு சரக்கு, வேறு சந்தை.

முடியின் தடிமனில்தான் எல்லாம் இருக்கிறது. மெரினோ ஆட்டின் முடி பெரும்பாலும் 20 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். அந்த முடி கோட்டு, சட்டைத் துணிக்குப் போகிறது. நம் கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருங்குறும்பை ஆடுகளின் முடி 40 மைக்ரானையும் தாண்டும். நடுவில் கூடு ஓடிய முடியும் அதில் அதிகம். அதனால் சாயம் சீராகப் பிடிக்காது, உடம்பில் பட்டால் குத்தும். கம்பளிப் போர்வைக்கும் தரைவிரிப்புக்கும்தான் ஆகும்.

கம்பளிப் போர்வையை யார் வாங்குகிறார்கள்? ஒரு காலத்தில் ஆடு மேய்ப்பவர் தோளில் கம்பளி இல்லாமல் காட்டுக்குப் போகமாட்டார். மழைக்கும் அதுதான், படுக்கைக்கும் அதுதான். இன்று அவர் கையிலேயே பிளாஸ்டிக் ஷீட்டும் பாலியஸ்டர் போர்வையும் இருக்கின்றன. உலகம் முழுவதும் இதே கதைதான். உலகில் பயன்படும் இழைகளில் கம்பளியின் பங்கு இப்போது சுமார் 1 சதவீதம்தான். இங்கிலாந்தில் 2020 வாக்கில் கிலோவுக்கு 30 பென்ஸ் அளவுக்குத்தான் கிடைத்தது. முடி வெட்டும் கூலிக்கே காணாமல் சிலர் எரித்தும் குப்பையில் மக்கவைத்தும் விட்டார்கள்.

மிச்சம் இருந்தது தரைவிரிப்பு. நம் நாட்டு முரட்டு ரோமத்தின் பெரிய சந்தை ராஜஸ்தானின் பிகானேர். அங்கே நூலாகி உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் தறிகளுக்குப் போகிறது. அந்தத் தறிகளில் முடியும் விரிப்புகளில் பாதிக்கும் மேல் வாங்குவது அமெரிக்கா. இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி போட்டது, விரிப்பும் அதில் அடங்கியிருந்தது. ஆர்டர் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் நூல் நிற்கும். ராஜஸ்தான் ரோமத்துக்கே இந்த நிலை என்றால், அதைவிட முரடான, நிறம் கலந்த, முள்ளும் சாணியும் ஒட்டிய நம் ஊர் முடிக்கு யார் லாரி வாடகை கொடுத்து வருவார்கள்?

ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கம்பளிக்கு 2022 டிசம்பர் 29 முதல் இறக்குமதி வரி இல்லை. இதைச் சிலர் நம் ஆட்டு முடி விலை விழுந்ததற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கிருந்து வருவது பெரும்பாலும் மெல்லிய ரகம். அது நம் முடியோடு போட்டி போடும் சரக்கே இல்லை.

ஆதரவு விலை கேட்கலாமா?

கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டது இது. நெல்லுக்கும் கொப்பரைக்கும் இருப்பது போல ஆட்டு முடிக்கும் ஏன் ஆதரவு விலை இல்லை? நியாயமான கேள்வி. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் கம்பளி ரோமம் இல்லை. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் அதற்கு ஏலம் நடப்பதில்லை.

ஆனால் இதைச் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு, அதுவும் உலகத்திலேயே அதிகம் கம்பளி விற்கும் நாடு. ஆஸ்திரேலியாவில் 1970களில் கம்பளிக்குத் தரைவிலை ஒன்றை நிர்ணயித்தார்கள். ஏலத்தில் அதற்குக் கீழே போனால் கம்பளிக் கழகமே வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல காலத்தில் திட்டம் நன்றாகத்தான் ஓடியது. 1988இல் தரைவிலையைக் கிலோவுக்கு 870 சென்ட் ஆக்கினார்கள். விலை உறுதி என்றதும் விவசாயிகள் ஆட்டைப் பெருக்கினார்கள். அதே நேரத்தில் சீனாவும் சோவியத் நாடும் வாங்குவதைக் குறைத்தன. கிடங்கில் மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின. 1990இல் 700 சென்ட்டுக்கு இறக்கியும் நிற்கவில்லை. 1991 பிப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அப்போது கையிருப்பு சுமார் 47 லட்சம் பேல். அதை விற்று முடிக்க 2001 வரை ஆனது. அதுவரை அந்த இருப்பே சந்தையின் தலைமேல் தொங்கி விலையை ஏறவிடவில்லை. மேய்ச்சல் இல்லாமலும் விலை இல்லாமலும் ஆடுகளைச் சுட்டுப் புதைத்த பண்ணைகள் உண்டு.

இதை வைத்து ஆதரவு விலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெல்லை அரசு வாங்கினால் ரேஷன் கடையில் சாப்பிட ஆள் இருக்கிறார்கள். மக்காச்சோளத்துக்குக் கோழித் தீவனம், எத்தனால் ஆலை என்று தேவை இருக்கிறது, அதைக் கொள்முதல் செய்யச் சொல்லிப் போராடுவதில் அர்த்தம் உண்டு. கம்பளிப் போர்வையை அரசு வாங்கி யாருக்குக் கொடுக்கும்?

முடிக் கணக்கும் கறிக் கணக்கும்

உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு மாதிரிக்கு 100 பெட்டை ஆடு வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஆட்டுக்கு 400 கிராம் முடி என்றால் மொத்தம் 40 கிலோ. வெட்டும் கூலி தலைக்கு 20 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். கூலி மட்டும் தேறவே முடி கிலோ 50 ரூபாய்க்குப் போக வேண்டும். பத்து ரூபாய்க்கு ஆள் வந்தாலும் ஆண்டுக்கு இரண்டு வெட்டில் கிடைப்பது 800 ரூபாய்.

இப்போது குட்டிகளைப் பாருங்கள். அதே 100 பெட்டையில் ஆண்டுக்கு 80 குட்டி தேறி விற்பனைக்கு வருகிறது என்று வைப்போம். ஒவ்வொரு குட்டியும் விற்கும்போது ஒரே ஒரு கிலோ கூடுதல் எடை இருந்தால், உயிர் எடை கிலோ 350 ரூபாய் கணக்கில் 28,000 ரூபாய். ஒரு கிலோ எடையில் கிடைப்பதை முடியிலிருந்து எடுக்க முப்பத்தைந்து ஆண்டு வெட்ட வேண்டும்!

ஆகவே முடியை வரவுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். குடற்புழு மருந்து, தடுப்பூசி மாதிரி அதுவும் ஒரு பராமரிப்புச் செலவு. "விலைதான் இல்லையே, எதற்கு வெட்டுவது?" என்று விட்டுவிடாதீர்கள். முடி மண்டிய ஆட்டில் பேனும் உண்ணியும் தெரியாது, மழையில் நனைந்து ஊறிய முடியில் ஈ முட்டையிட்டுப் புழுப்புண் வரும், சித்திரை வெயிலில் ஆடு மேயாமல் மூச்சு வாங்கும். எடை குறைவது அங்கேதான்.

கிடா தேர்விலும் இது எதிரொலிக்க வேண்டும். முடி அடர்த்தியைப் பார்த்துக் கிடா வைக்கும் வழக்கம் சில பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. இனி ஆறு மாத எடையைப் பாருங்கள். தாய் ஆடு குட்டியைப் பால் கொடுத்து வளர்த்த விதத்தைப் பாருங்கள். ஒரே கிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் அதே மந்தையில் வைத்துத் தாய்க்கும் மகளுக்கும் சேர விடாதீர்கள்.

மேச்சேரி ஆட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்கள். மேச்சேரி, சென்னைச் சிவப்பு போன்றவை முடி வெட்டத் தேவையில்லாத கறி இனங்கள், மேச்சேரியின் தோலுக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்தந்த ஆடு அந்தந்த மண்ணில் பழகியது. மந்தை முழுவதையும் விற்றுவிட்டு வேறு இனம் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குறும்பை ஆடுகள் வெகுதூரம் நடந்து மேய்ந்து, கிடை போட்டுக் காசு பார்க்கும் ஆடுகள். கிடை வருமானம் உங்களுக்கு எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள், பலருக்கு அது முடி வருமானத்தைப் போல் பல மடங்கு. நீலகிரியில் இருப்போர் விஷயம் வேறு. மெரினோ ரத்தம் கலந்து உருவான நீலகிரி ஆட்டின் முடி மெல்லியது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்திலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெட்டிய முடியைத் தென்னைக்குப் போடுங்கள்

ஆட்டு முடியை வேலி ஓரம் வீசுவது எனக்கு வருத்தம். சுத்தமான முடியில் சுமார் 16 சதவீதம் தழைச்சத்து. யூரியா போல உடனே கரையாது, பல மாதங்கள் மெல்ல மக்கி மெல்லக் கொடுக்கும். தண்ணீரையும் பிடித்து வைக்கும். வட்டப் பாத்தியில் அரை அடி ஆழம் பறித்து, முடியை நன்றாக நனைத்து, சாணத்தோடு கலந்து பரப்பி மண் மூடிவிடுங்கள். மேலாகப் போட்டால் காற்றில் பறக்கும், மாடு மேய்ந்து வயிற்றில் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். உண்ணி மருந்துக் குளியல் கொடுத்த கொஞ்ச நாளிலேயே வெட்டிய முடியைக் கீரை, காய்கறிப் பாத்தியில் போட வேண்டாம். சொந்தத் தென்னை இல்லாதவர்கள் கிடை போடும் தோட்டக்காரரிடம் பேசிப் பாருங்கள். காசாக இல்லாவிட்டாலும் வெட்டுக் கூலியில் பாதியை அவர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழைக் காலம் இது. நீலநாக்கு நோய் வரும் பருவம். கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிதான் இதைப் பரப்புகிறது. காய்ச்சல், முகமும் உதடும் வீங்குதல், வாய்ப்புண், குளம்புக்கு மேலே சிவந்து நொண்டுதல் தெரிந்தால் அந்த ஆட்டைப் பிரித்துக் கட்டி, அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் கழுவி, கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். மாலையில் பட்டியைச் சுற்றிப் புகை போடுங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இரவில் அடைக்காதீர்கள். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டுக்கு இப்போதே குறித்து வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் மருந்தகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழையில் முளைத்த இளம்புல்லோடு குடற்புழுவும் ஏறும். நாலைந்து ஆட்டின் புழுக்கையைக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, அங்கே சொல்லும் மருந்தைக் கொடுங்கள்.

முடி வெட்டுவதை இந்த மழையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிய உடம்பில் குளிர்ந்த மழை விழுந்தால் சளிக்காய்ச்சலில் ஆடு சாகும். பொங்கல் கழிந்து பனி விலகியதும், மாசிக்குள் ஒரு வெட்டு முடித்துவிடுங்கள். கத்தரிக் காயம் ஆற இரண்டு வாரம் விட்டு, பிறகு உண்ணிக் குளியல் கொடுக்கலாம்.