இன்ஜின் சூடானால் பார்மட் செய்யாதீர்கள்!

கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலே "பார்மட் பண்ணிடலாம் சார்" என்று சொல்லும் சர்வீஸ் ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்த டிரைவரால் பிரச்னை வந்தது, ஈவென்ட் வியூவரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருப்பதில்லை. இதே பழக்கம் இப்போது கார் ஒர்க்‌ஷாப்களுக்கும் வந்துவிட்டது. ஸ்கேனரைச் செருகுகிறார்கள், ஒரு எரர் கோட் வருகிறது, அதில் பெயர் உள்ள பாகத்தை மாற்றுகிறார்கள். டர்போ கார் சூடாகும் பிரச்னையில் இந்த வழி பர்ஸைக் காலி செய்யும். அதற்குள் சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போனால் செலவு பல மடங்காகும்.

டர்போ காருக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை? புகையின் வேகத்தைக் கொண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சிறு விசிறிதான் டர்போ. பெட்ரோல் இன்ஜினில் அந்தப் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். ஆயிரம் சிசி இன்ஜின் பெரிய இன்ஜினின் சக்தியைத் தரும்போது, அதற்கேற்ற வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். பல கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சரும் இன்டர்கூலரும் நின்று காற்றைப் பங்கு போட்டுக் கொள்கின்றன.

<b>ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்</b>

ஓபிடி என்ற ஏற்பாடு புகை மாசைக் கண்காணிக்கப் பிறந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்படி 2013 ஏப்ரலில் வந்தது. வாட்டர் பம்ப் தேய்ந்ததா, ரேடியேட்டர் அடைத்ததா என்று நேரடியாகச் சொல்வது அதன் வேலையே அல்ல. பி0217 என்ற கோட் வந்தால் 'இன்ஜின் அதிகம் சூடாகிவிட்டது' என்று மட்டுமே அர்த்தம். அது நமக்கே தெரியும்!

சென்சார் தரும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. கூலன்ட் வெப்பநிலையை ஓபிடி ஒரே ஒரு பைட்டில் அனுப்புகிறது. 0 முதல் 255 வரையுள்ள அந்த எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ் கிடைக்கும். சென்சார் ஒயர் அறுந்தால் பல கார்களில் மைனஸ் 40 என்று காட்டும். நாகர்கோவில் வெயிலில் மைனஸ் 40 டிகிரி! இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. ஆபத்தானது இன்னொன்று. கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, திரையில் எண் குறைவாகக் காட்டலாம்.

<b>எங்கே, எப்போது சூடாகிறது?</b>

எனவே கோடை விட முக்கியமானது, எந்தச் சூழ்நிலையில் சூடாகிறது என்பது. எங்கள் மாவட்டச் சாலைகளையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் நிற்கும்போது எண் ஏறி, நெரிசல் தாண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேன், அதன் ஃப்யூஸ், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஃபேன் கனெக்டரில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாறாக, பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு பக்கம் ஏறும்போது, வண்டி ஓடிக் கொண்டிருந்தும் எண் ஏறினால் ஃபேன் மேல் பழி போட வேண்டாம். ரேடியேட்டர் அடைப்பு, சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட், பம்ப் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கூலன்டுக்குப் பதில் உப்பு கலந்த போர் தண்ணீரை ஊற்றி வந்தவர்களுக்கு அடைப்பு வர வாய்ப்பு அதிகம்.

தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறைகிறதா? டர்போவுக்குப் போகும் ஹோஸ் கசிந்தால், சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடும். இனிப்பு வாசனை மட்டும் வரும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். இவை இரண்டையும் எந்தக் கோடும் சொல்லாது.

விலை குறைந்த மூடியையும் மறக்க வேண்டாம். மூடி தாங்கும் அழுத்தமும் கூலன்டும் சேர்ந்துதான் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகின்றன. மூடி தளர்ந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பொங்கி வழியும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறந்துவிடாதீர்கள். ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடினால் பயப்பட வேண்டாம். பல டர்போ கார்களில் அது இயல்பு.

<b>எண்ணைக் காட்டுங்கள்</b>

கார் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இன்றைய பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்கோடு சரி. அது எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முள் உள்ள கார்களிலும் சாப்ட்வேர் அதை ஒரு பெரிய இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது. எண் ஈசியுவில் இருக்கிறது. பாட்டின் பெயரையும் பாடகர் படத்தையும் காட்டும் பெரிய திரையும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கச் சில வரி புரோகிராம் போதும். 'வாடிக்கையாளர் பயந்துவிடுவார்' என்று சொல்லி மறைப்பது சரியல்ல. 92 என்று தினமும் பார்த்துப் பழகியவர்தான் 104 வந்ததும் வண்டியை ஓரம் கட்டுவார்.

அதுவரை நாமே பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். ஓர் ஓபிடி புளூடூத் அடாப்டரும் மொபைல் ஆப்பும் இருந்தால் வெப்பநிலை, வேகம் இரண்டையும் நேரத்தோடு பதிவு செய்யலாம். வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து எக்செலில் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன வித்தியாசம் கிராஃபில் பளிச்சென்று தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் கோடை அழிப்பதற்கு முன் 'ஃபிரீஸ் ஃபிரேம்' தகவலைக் கேட்டு வாங்குங்கள். கோட் விழுந்த கணத்தில் வேகம், ஆர்பிஎம், வெப்பம் என்ன என்று ஈசியு சேமித்து வைத்த பதிவு அது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பார்மட் செய்த பிறகு பழைய பைலைத் தேடிப் பயன் இல்லை.