விற்ற பிறகும் விடாத பிடி

காசு கொடுத்து வாங்கிய இசை சிடியை நண்பருக்கு இரவல் தரலாம். கடை வைத்து வாடகைக்கு விட்டால் குற்றம். ஒலிப்பதிவை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு உரிமையாளருக்கே தந்திருக்கிறது. தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. புத்தகத்துக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. ஒரு முறை விற்பனையான பிரதியை லெண்டிங் லைப்ரரிக்காரர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வாடகைக்குத் தரலாம்.

1994-இல் செய்த திருத்தம் இன்னும் கடுமையாக இருந்தது. பிரதி ஏற்கெனவே விற்கப்பட்டதா என்பதே பொருட்டல்ல என்றது அது. அதை அப்படியே படித்தால், நடைபாதையில் பழைய கேசட் விற்றவர்கூடக் குற்றவாளிதான். 2012-இல் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. லாப நோக்கமற்ற நூலகங்களும் கல்வி நிலையங்களும் ஒலிப்பதிவை இரவல் தர விலக்குப் பெற்றன. கேசட் கடைகள் மூடப்பட்ட பிறகு வந்த சலுகை அது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1980-இல் டோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள மிட்டாக்கா நகரில் இசைத்தட்டு வாடகைக் கடை ஒன்று திறக்கப்பட்டது. வாடிக்கையாளர் தட்டை எடுத்துப் போவார், வீட்டில் வெற்றுக் கேசட்டில் பதிந்துகொண்டு திருப்பித் தருவார். கடைகள் மளமளவெனப் பெருகின. ஒலிப்பதிவு நிறுவனங்கள் கொதித்தன. 1984-இல் ஜப்பான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: வெளியான முதல் ஓராண்டுக்கு வாடகைக்கு விட நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதன் பிறகு நிறுவனம் மறுக்க முடியாது, ஆனால் கடைக்காரர் உரிய தொகை செலுத்த வேண்டும். 1989-இல் அங்கே வாடகைக் கடைகளின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியது. இத்தனைக்கும் பிறகும் இசைப்பதிவுச் சந்தையில் உலகின் இரண்டாம் இடம் ஜப்பானுக்குத்தான். அதே 1984-இல் அமெரிக்கா, உரிமையாளர் அனுமதியின்றி இசைத்தட்டை வணிக ரீதியில் வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. இந்தியா பிடித்துக்கொண்டது அமெரிக்காவின் வாலை.

வாடகைக் கடை திருட்டுப் பதிவுக்கு வாசல் திறக்கும் என்பது நிறுவனங்களின் ஒரே பல்லவி. அது எடுபடாது. தமிழ்நாட்டில் எண்பதுகளில் பாட்டுப் பட்டியலை ஒரு துண்டுத் தாளில் எழுதி, 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால் பதிந்து கிடைத்தது. திருட்டுக்கு வாடகைக் கடை தேவைப்படவே இல்லை. தடையால் நசுங்கியது, பணம் கட்டி நேர்மையாகத் தொழில் செய்யத் தயாராக இருந்திருக்கக்கூடிய சிறு வியாபாரி மட்டுமே.

அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் ஓரவஞ்சனைதான் செய்தது. 1994 ஏப்ரல் 15 அன்று, உரிய தொகை செலுத்தி ஒலிப்பதிவை வாடகைக்கு விடும் இழப்பீட்டு முறை நடைமுறையில் இருந்த நாடுகள் மட்டும் அதைத் தொடரலாம் என்றது. ஜப்பான் தப்பியது, பின்னால் வந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

சிடியோடு முடிந்துபோன பழங்கதையும் அல்ல இது. டிப்ஸ் இசை நிறுவனம் விங்க் இசைச் செயலிமீது தொடுத்த வழக்கில், சந்தாதாரர் பாட்டைச் செல்பேசியில் இறக்கி வைத்துக் கேட்க வழி செய்வது வணிக வாடகையே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் அதே சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31-டி பிரிவின்படி, நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைக் கட்டிவிட்டு வானொலி நிலையம் பாட்டை ஒலிபரப்பலாம். நிறுவனம் மறுக்க முடியாது. வானொலிக்கு நியாயமான ஏற்பாடு வாடகைக்காரருக்கு மட்டும் எப்படி அநியாயமாகும்?

கட்டணம் கட்டுபவருக்குப் பாட்டை வாடகைக்கு விடும் உரிமையைச் சட்டம் தர வேண்டும். அதற்கு டிரிப்ஸ் குறுக்கே நின்றால், ஜப்பானுக்குக் கிடைத்த விலக்கை இந்தியாவும் உலக வர்த்தக அமைப்பிடம் கேட்டுப் பெற வேண்டும்.