கொடுவாவுக்கும் பச்சை பிடிக்க நாள் வேணும்



போன ஆடியில எங்க தம்பி மகன் குட்டையில 500 கொடுவாக் குஞ்சு விட்டான். வாய்க்கால்ல மேட்டூர் தண்ணி வந்து குட்டை நிறைஞ்சு கிடந்த நேரம். சாயங்காலம் பையை அரைமணி நேரம் மிதக்க விட்டு, பிரிச்சு ஊத்திட்டான். விடிஞ்சு பார்த்தா பாதிக்கு மேல செத்து மிதக்குது. "எந்தத் தண்ணியிலயும் வளரும்னு சொல்லித்தானே பெரியப்பா கொடுத்தாங்க?"ன்னு அழாத குறையா கேட்டான். அதே வண்டியில வந்த குஞ்சை வாங்கின பக்கத்து ஊர்க்காரருக்கு ஒண்ணும் ஆகலை. உடனே ஊர்ல இவன் கைராசியைக் குறை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

வழி அலுப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனா கைராசிக்கு இதுல வேலையே இல்லை. அவர் குட்டையில இருந்தது உப்பு ஏறின போர் தண்ணி. இவனோடது ஆத்துத் தண்ணி.

கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. மீன் ரத்தத்துல அதுல மூணுல ஒரு பங்குதான். ஆத்துத் தண்ணியில அரை கிராம்கூட இருக்காது. மூச்சு விடணும்னா செவுளோட தோல் ரொம்ப மெல்லிசா இருந்தாகணும். அந்தத் தோல் வழியா கடல்ல மீனோட உடம்புத் தண்ணி வெளியேறிக்கிட்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் தண்ணியையே குடிக்கும். மிஞ்சின உப்பைச் செவுள்ல இருக்குற தனி செல்கள் வெளியே தள்ளும். 1932-ல் கீஸ், வில்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் விலாங்கு மீன் செவுள்ல இந்த செல்களைப் பத்தி எழுதினாங்க.

ஆத்துத் தண்ணியில எல்லாம் தலைகீழ். தண்ணி உடம்புக்குள்ள ஏறும், உப்பு வெளியே கசியும். ஏறின தண்ணியை மூத்திரமா கழிக்கணும், செவுள் உப்பை உள்ளே இழுக்கணும். நாம 'நல்ல தண்ணி'ன்னு சொல்றது, உப்புத் தண்ணிக்குப் பழகின குஞ்சுக்கு அன்னைக்கு நல்ல தண்ணி இல்லை.

கொடுவா ரெண்டு வேலையும் செய்யத் தெரிஞ்ச மீன்தான். முகத்துவாரப் பக்கம் முட்டையிடும். குஞ்சு கழியில வளர்ந்து மெதுவா ஆத்துக்கு ஏறும். ஆனா உப்பைத் தள்ளுற செவுள் உப்பை இழுக்குற செவுளா மாறணும்னா செல்களே மாறணும். அதுக்குச் சில நாள் ஆகும். பையை மிதக்க விட்டா சூடுதான் சமமாகும், உப்பு சமமாகாது. இது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. எனக்கும் அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதனால என் கருத்து இதுதான். 'எந்தத் தண்ணியிலயும் வளரும்'னு விக்கிறவங்க பாதி உண்மையைத்தான் சொல்றாங்க. குஞ்சு எந்த அளவு உப்புல இருந்து வந்ததுன்னு பையிலயே எழுதிக் கொடுக்கணும். நன்னீர்க் குட்டைக்குப் போற குஞ்சுக்கு, பொரிப்பகத்துலயே ஒரு வாரம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பழக்கித் தரணும். தொட்டிச் செலவு, தீனிச் செலவுன்னு சொல்வாங்க. அதுக்காக விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம். செத்த குஞ்சுக்குக் கொடுத்த காசுதான் நஷ்டம்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. குட்டைத் தண்ணியில எவ்வளவு உப்புன்னு அளக்காமலே குஞ்சுக்குச் சொல்லிடுறோம். உப்பு அளக்குற கருவி ஊருக்கு ஒண்ணு இருந்தாலே போதும், நாலு பேர் சேர்ந்து வாங்கலாம்.

நாத்தைப் பறிச்சு நட்டா, பச்சை பிடிக்கட்டும்னு ஒரு வாரம் பொறுமையா இருக்கோம். மறுநாளே கதிர் கேட்கிறதில்லை. அந்தப் பொறுமை குஞ்சுக்கும் வேணும்.

இந்த வருஷம் தம்பி மகன் முதல்ல ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கான். குஞ்சு அப்புறம்தான்.