வெளிறிய முகமும் வளராத உயரமும்

பிள்ளையின் முகம் வெளிறியிருந்தால் சத்து டானிக் வாங்குகிறோம். உயரம் குறைவாயிருந்தால், "எங்கள் குடும்பமே குட்டைதான்" என்று ஆறுதல் கொள்கிறோம். இவற்றை இரு தனிக் குறைகளாகவே எண்ணுகிறோம். ஆனால் சில பிள்ளைகளிடம் இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களே. ஆகவே புதியவை இடைவிடாது உருவாக வேண்டும். இதற்கான முதன்மைக் கட்டளையைச் சிறுநீரகங்கள் சுரக்கும் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் தருகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன் இதற்குத் துணைநிற்கிறது. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எப்-1 என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. எலும்பு நீள உதவும் அதே பொருள், மஜ்ஜையிலுள்ள இளம் அணுக்கள் பெருகிச் சிவப்பணுக்களாக முதிரவும் உதவுகிறது. வளரும் உடலுக்கு இரத்தமும் பெருக வேண்டும் அல்லவா?

ஆகையால் இந்த ஹார்மோன் குறைந்த பிள்ளைகள் சிலருக்கு இலேசான இரத்தசோகை காணப்படுகிறது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இதிலோ அவை பெரும்பாலும் இயல்பான அளவிலும் நிறத்திலும் இருக்கும், எண்ணிக்கையே குறைவு. இரும்பு மாத்திரை மட்டும் இதனைத் தீர்க்காது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கியபின், உயரத்தோடு ஹீமோகுளோபினும் உயர்வதை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

எனினும் பெற்றோர் கலங்க வேண்டாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 59 மாத வயதுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இதன் பெருங்காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடோ அரிது. தைராய்டு குறைவு, சிறுநீரக நோய், கோதுமைப் புரதத்தைக் குடல் ஏற்காத சீலியாக் நோய் ஆகியவையும் உயரத்தையும் இரத்தத்தையும் ஒருசேரக் குறைக்கக்கூடும். எனவே ஹார்மோன் ஊசியை டானிக் போலக் கேட்டுப் பெறலாகாது. தக்க பரிசோதனைகளுக்குப் பின்னரே மருத்துவர் அதனை முடிவு செய்வார்.

பெற்றோர் செய்யத்தக்கவை:

1. ஆறு மாதத்திற்கொருமுறை பிள்ளையைச் செருப்பின்றிச் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து, தேதியுடன் எழுதுங்கள். நான்கு வயதிற்குப்பின் பருவமடையும் வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. அதனினும் குறைந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. மருத்துவர் கூறியபடி இரும்பு மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் உயராவிடில், டானிக்கை மாற்றாமல் காரணத்தைக் கேளுங்கள்.

3. வேலை நிமித்தம் நகரம் மாறும்போது மருத்துவரும் மாறுகிறார். உயரக் குறிப்பையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து உடன் கொண்டுசெல்லுங்கள்.

குறைந்த இரத்தத்தைப் பிற்காலத்திலும் கூட்டலாம். பருவ வளர்ச்சி முடிந்து எலும்பின் வளர்தட்டுகள் மூடியபின், இழந்த உயரத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஆகவே இரத்தத்தைச் சோதிக்கும்போதே உயரத்தையும் அளந்துவிடுங்கள்.